அக்கரையில் இரண்டு நாற்காலி

ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் அவளுக்குக் காதம்மா என்று பேர். டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், யாருக்கு எவ்வளவு கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அளந்து தாளில் கோடு போட்டுக் கொடுப்பவள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, குளிர்பதனக் கிடங்கின் கதவு மாதிரி கனத்த கதவோடு இருக்கும். அதற்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். கேட்டால் அவர்கள் பட்டனை அழுத்தவேண்டும்.

இருபத்திரண்டு வருஷ வேலையில் அவள் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. சத்தமே அனுப்பாதபோதும் ஆட்கள் பட்டனை அழுத்துவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. காத்திருக்கிற காதுக்கு ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அவளுடைய புருஷன் சுற்றுலா பஸ் ஓட்டுபவர். கல்யாணத்துக்கு முன்னால், லைசென்ஸுக்காகக் காது காட்ட வந்த இடத்தில்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின் பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு மெல்லிய உயர்ந்த சத்தங்கள் அப்போதே பாதி போயிருந்தன, இப்போது முக்கால்வாசி. பெண்டாட்டி கூப்பிடுவது கேட்கவில்லை என்பதற்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழே வைத்திருக்கும் ஒரே புருஷன் தான்தான் என்று சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள், பதினொரு வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

தொற்று வந்தபோது ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவைத்தான் முதலில் மூடினார்கள். யாரும் காது கேட்காமல் சாவதில்லை என்று மேலதிகாரி சொன்னார். வரவேண்டிய முப்பது நாற்பது பேருக்குப் போன் செய்து, வராதீர்கள் என்று சொல்லும் வேலை காதம்மாவுக்கு விழுந்தது. காது கேட்காதவர்களுக்குப் போனில் சொல்வதென்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

ஊரெல்லாம் முகக்கவசம் போட்டது அவளுக்கு வேறு விதமாக உறுத்தியது. பரிசோதனையின் கடைசியில் அவள் ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு "பல், கல், முள்" என்று சில சொற்களைச் சொல்வாள். உதட்டைப் பார்க்காமல் வெறும் காதால் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். கடையில், வாசலில், பஸ் நிறுத்தத்தில் இப்போது எல்லோர் வாயிலும் அந்த அட்டை இருந்தது.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் மூன்று பேரும் அடைந்து கிடந்தார்கள். சமையல் மேடைமேல் வாலுவின் வகுப்பு நடந்தது. பஸ்காரர் பால்கனியில் நின்று காலிச் சாலையைப் பார்த்தபடி காலால் பிரேக் போட்டுக்கொண்டிருப்பார். நான்காவது மாதம் ஒரு தளர்வு அறிவித்தார்கள்: வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் குடும்பத்தோடு போய்வரலாம், வெளியிடத்தில் தங்குவதானால் கூடாரமோ சொந்த வண்டியோ இருக்கவேண்டும். அதே வாரம் பஸ் முதலாளி போன் செய்தார். "அந்த மினி பஸ்ஸை எங்கேயாவது ஓட்டிட்டு வாய்யா. நின்னு நின்னு பேட்டரி செத்துடும்."

பஸ்காரர் அன்று மாலையே பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை விரித்துவிட்டார்.

"நாடு நாடா ஆள் கூட்டிட்டுப் போனவர், இப்ப முப்பது கிலோமீட்டருக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க," என்றாள் காதம்மா.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்மா. ஏறு."

வழியில் எதிரே ஒரு வண்டி வரவில்லை. சிக்னல்கள் யாருமில்லாத சாலைக்குச் சிவப்பும் பச்சையும் காட்டிக்கொண்டிருந்தன. பஸ்காரர் ஒவ்வொன்றிலும் நின்றார். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானத்தில் ஊஞ்சல்களை மேலே சுருட்டி, சிவப்பு வெள்ளை நாடாவால் கட்டியிருந்தார்கள். மருந்துக்கடை வாசலில் ஆறடிக்கு ஒன்றாக வரைந்த வட்டங்கள் ஆளில்லாமல் வரிசையில் நின்றன. வாலு ஒவ்வொரு வட்டத்துக்கும் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள்.

இருபத்தேழாவது கிலோமீட்டரில் அணை ஏரி. அதன் கரையில் கூடாரம் போடும் இடம். நாற்பது திட்டுகளில் முப்பத்தைந்தை நாடா கட்டி மூடியிருந்தார்கள். மீதி ஐந்தில் இவர்களைத் தவிர யாருமில்லை. காவலாளி தன் கூண்டின் ஜன்னலைத் திறக்காமலே கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிக் காட்டினார். 'நான்காம் எண். தண்ணீர் குழாய் இடதுபுறம். என்னிடம் வரவேண்டாம்.' அதற்கப்புறம் மூன்று நாளும் அவருடைய குரலை அவர்கள் கேட்கவில்லை.

நான்காம் எண்ணுக்கு நேர் எதிரே ஏரி ஒரு விரல் போல உள்ளே நீண்டிருந்தது. இருநூறு முன்னூறு மீட்டர் தண்ணீர். அக்கரையில் மரங்களுக்கு நடுவே நான்கு விடுமுறை வீடுகள். மூன்றில் பலகை அடித்து மூடியிருந்தது. நான்காவது வீட்டின் முன்னால், தண்ணீரைப் பார்த்தபடி இரண்டு நாற்காலிகள்.

முதல் நாள் மாலை நான்கு மணிக்கு, அந்த நாற்காலிகளில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை முடி அம்மாள் ஒருவர். பக்கத்தில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஒருவர். நடுவில் சின்ன மேஜை, இரண்டு கோப்பைகள்.

"பாருங்க, நமக்கு முன்னாடியே ஒரு ஜோடி வந்து செட்டிலாயிடுச்சு," என்றார் பஸ்காரர்.

வாலு கையை ஆட்டினாள். அந்த அம்மாள் பதிலுக்குக் கையை ஆட்டினார். தொப்பிக்காரர் ஆட்டவில்லை.

"தாத்தாவுக்கு ரொம்பக் கெத்து," என்றாள் வாலு.

அம்மாள் அவர் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். நடுநடுவே சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தொப்பிக்காரர் அப்படியே இருந்தார். இருட்டும்வரை இருந்தார்.

மறுநாள் விடியலில் காதம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். காற்றே இல்லை. ஏரி தகடு மாதிரி கிடந்தது. ஊரில் இருக்கும்போது காதில் விழாத அமைதி அது. அவள் வாழ்நாளில் பாதியைச் சத்தம் புகாத அறைக்குப் பக்கத்தில் கழித்தவள். இருந்தாலும் அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அது கேட்டது.

ஒரே ஒரு 'கீச்'. மெல்லியது, கூரானது.

பறவை என்று நினைத்தாள். பறவை இரண்டு முறை ஒரே மாதிரி கத்தாது. ஏதாவது ஒரு இழுப்பு மாறும். இது மறுபடி வந்தபோது அணுவளவும் மாறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது விநாடிக்கு ஒரு முறை. மூவாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிற சத்தம் என்று அவள் காது தானாகவே அளந்து சொன்னது. தினமும் அவளே அடுத்தவர் காதுக்குள் அனுப்புகிற சத்தத்துக்குச் சித்தப்பன் மகன் மாதிரி இருந்தது. யாரோ அவளை உட்காரவைத்து அவள் காதைப் பார்ப்பதுபோல ஒரு கணம் தோன்றியது. பட்டனுக்காகக் கட்டைவிரல் தானாக மடங்கியது.

பஸ்காரரைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்தாள். "கேக்குதா?"

"எது?"

"இதோ... இப்ப."

"ஒண்ணும் கேக்கலையே. நீ நாலு மாசமா வேலைக்குப் போகல, அதான்," என்று அவர் திரும்பிப் படுக்கப் போனார்.

அவருக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்த உயரத்துச் சத்தம் அவர் தாளில் எங்கேயோ பாதாளத்தில் இருந்தது. ஆனாலும் கேட்காத ஆள் பக்கத்தில் நின்று ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, கேட்கிற ஆளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. காற்று எழுந்ததும் சத்தம் கரைந்துபோனது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அம்மாள் மறுபடி வந்தார். இரண்டு கோப்பை. தொப்பிக்காரர் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். அவர் எப்போது வந்து உட்கார்ந்தார் என்று மூவரும் பார்க்கவில்லை. அல்லது எழுந்துபோகவே இல்லை.

பத்து நிமிஷத்தில் மேகம் கூடி மழை பிடித்தது. அம்மாள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. தொப்பிக்காரர் எழவில்லை.

"அட, மனுஷன் நனையிறாரே! கூப்பிட வேணாமா?" என்று பஸ்காரர் பஸ்ஸுக்குள்ளிருந்து சத்தம் போட்டார். சுற்றுலாக்காரர்களுக்கு மலை காட்ட அவர் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார். அதை எடுத்துக் கண்ணில் வைத்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம் நீட்டினார்.

காதம்மா பார்த்தாள். நாற்காலி முதுகில் கோட்டு. கோட்டுக்கு மேல், நாற்காலிக் கம்பின் முனையில் தொப்பி. தொப்பிக்கும் கழுத்துப்பட்டைக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடத்தில் அக்கரையின் மரங்கள் தெரிந்தன.

"என்னம்மா? தாத்தா என்ன பண்றார்?" என்றாள் வாலு.

"தாத்தா இல்லடி. காயப்போட்ட கோட்டு."

"பொய். காலையில கைய ஆட்டினார். நான் பார்த்தேன்."

காற்றில் கைப்பகுதி அசைந்திருக்கும். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்த அதே சமயம், மழைக்கு நடுவே ஈரத் துணிபோல் தொங்கிய அந்தக் கை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. பஸ்காரர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று அவர் சொன்னார். காதம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை வாலுவும் கேட்டாள். "குருவி மாதிரி இருக்கு, ஆனா உயிர் இல்லாத குருவி" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும்தான் காதம்மாவுக்கு அது என்னவென்று விளங்கியது. வீட்டுக் கூரையில் ஒட்டியிருக்கும் புகை அலாரம். பேட்டரி தீரப்போனால் அது இப்படித்தான் கத்தும். பேட்டரி மாற்றும்வரை விடாது. அதே சத்தத்தோடு ஒரு வீட்டில் ஒரு நாள் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்.

"அந்த அம்மா ரெண்டு நாளா அதுக்குக் கீழே உக்காந்திருக்காங்க," என்றாள் காதம்மா. "அவங்களுக்குக் கேக்கல. காலிக் கோட்டுகிட்ட பேசுறாங்க. போய்ப் பார்க்காம எப்படிப் போறது?"

"தொற்று வீடா இருந்தா?"

"வெளியில நிக்கிறேன். நீங்க பஸ்ஸை விட்டு இறங்காதீங்க."

ஏரியைச் சுற்றி நான்கு கிலோமீட்டர். மண்பாதையின் முடிவில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வேலிக் கேட்டில் ஒரு மளிகைப் பை தொங்கியது. கடைக்காரன் வைத்துவிட்டுப் போயிருப்பான், யாரும் எடுக்கவில்லை. காதம்மா முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கதவைத் தட்டினாள். பதில் இல்லை. ஓங்கித் தட்டினாள். உள்ளேயிருந்து 'கீச்' மட்டும் வந்தது. வீட்டைச் சுற்றிப் போய்ப் பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மேஜைமேல் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. கட்டிலில் இரண்டு தலையணை, இரண்டும் தட்டிச் சீர் செய்யப்பட்டவை. தரையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, கால் நுழைக்க வசதியாகக் கட்டிலுக்கு முதுகு காட்டி. சமையலறையில் அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார். நிதானமாகப் பேசியபடி.

"...நேத்தும் மழையில நனைஞ்சுட்டுது. நீங்க வந்தா என்னைத்தான் திட்டுவீங்க. இன்னிக்கு வெயில் வரும், காஞ்சுடும்..."

"அம்மா!" என்று காதம்மா கூப்பிட்டாள். திரும்பவில்லை. "அம்மா!" தலைக்கு மேலே அலாரம் மறுபடி கீச்சிட்டது. அதற்கும் அந்த முதுகில் சிறு அசைவுகூட இல்லை.

ஜன்னலில் கையை ஆட்டினாள். நிழல் அறுக்கும் பலகைமேல் விழுந்ததும் அம்மாள் திரும்பினார். பயப்படவில்லை. முகம் மலர்ந்தது. கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து கதவைத் திறந்தார்.

"வந்துட்டீங்களா?" அவர் பார்வை காதம்மாவின் தோளைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே நின்ற மினி பஸ்ஸின்மேல் போனது. "அவரை வண்டியிலயே உக்காரவெச்சுட்டீங்களா? நடக்க முடியுதா அவரால?"

காதம்மா இரண்டடி பின்னால் போனாள். தூரத்துக்காக மட்டும் அல்ல.

"நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லம்மா," என்றாள். அம்மாள் அவள் முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்தார். அந்தச் சாய்ப்பு காதம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த சாய்ப்பு. இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்ப்பது.

கவசத்தை இறக்கிவிட்டு இன்னும் தள்ளி நின்று, நிதானமாகப் பேசினாள். அப்போதுதான் விஷயம் வந்தது.

புருஷனும் பெண்சாதியும் ஊரில் தொற்று பரவியதும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. அம்மாளுக்கு ஒரே ஒரு தங்கை, வெகுதூரத்தில். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு அவருக்குக் காய்ச்சல். ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போனது, அம்மாளை ஏற்றிக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் வந்தது.

"ஒரு சின்னப் பொண்ணு பேசுச்சு. காய்ச்சல் இறங்கிட்டுதுன்னு சொல்லுச்சு. வீட்டுக்குக் கொண்டு வர்றதப் பத்தியும் ஏதோ சொல்லுச்சு, எப்பன்னு சரியா விழல. எனக்குத்தான் இந்தக் காது சரியில்லையே. மெஷின் மாத்தறதா இருந்தது, அதுக்குள்ள காது ஆஸ்பத்திரிய மூடிட்டாங்க. 'வராதீங்க'ன்னு ஒரு பொம்பளை இவர்கிட்ட போன்ல சொன்னாளாம். போன வாரம் பழசும் நின்னுபோச்சு." அவர் சிரித்தார். "கோட்டை வெயில்ல வைக்கணும். இல்லன்னா பூஞ்சை பிடிச்சிடும். இவருக்கு அது இல்லாம வெளியில உக்காரப் பிடிக்காது."

அந்தப் பக்கத்தில் காது பார்க்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். வராதீங்க என்று சொன்ன பொம்பளை யாரென்று காதம்மாவுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"போன் வந்து எத்தனை நாள் ஆச்சும்மா?"

அம்மாள் விரல்விட்டு எண்ணினார். "பதினெட்டு."

ஆஸ்பத்திரிச் சேர்க்கைச் சீட்டை வாங்கிக்கொண்டு காதம்மா பஸ்ஸுக்கு வந்தாள். மேட்டுக்குப் போனால்தான் போனில் சிக்னல் கிடைத்தது. நாற்பது நிமிஷம் இசையைக் கேட்டபின் ஓர் இளம்பெண் குரல் எடுத்தது. சீட்டில் இருந்த எண்ணைக் காதம்மா வாசித்தாள். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது.

"அவர் இறந்துட்டாரே மேடம். அன்னைக்கே அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டோமே. நான்தான் சொன்னேன். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர விதி இல்லம்மான்னும் சொன்னேன். அதுக்கு அவங்க..." குரல் தடுமாறியது. "'ரொம்ப நன்றி கண்ணு, நல்ல சேதி சொன்னே'ன்னாங்க மேடம். எனக்கு ஒண்ணும் புரியல. நாங்களே அடக்கம் பண்ணிட்டோம்."

இறந்துட்டாரு. இறங்கிட்டுது. காதம்மா போனைப் பிடித்தபடி இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நடுவில் இரண்டு எழுத்து, கடைசியில் இரண்டு எழுத்து, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அம்மாளின் காதுக்குப் போனில் அந்த எழுத்துகள் விழுந்திருக்காது. விழாத இடத்தை மனசு தனக்கு வேண்டியதைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அட்டையால் வாயை மறைத்துச் சொன்ன எத்தனையோ சொற்களுக்கு, ஆட்கள் ஆசையாக வேறு சொல்லைத் திருப்பிச் சொன்னதை அவள் தாளில் தப்பு என்று குறித்திருக்கிறாள்.

"போலீஸ்ல சொல்லிடலாம். அவங்க வந்து சொல்லட்டும்," என்றார் பஸ்காரர்.

"அவங்களும் வாயை மூடிட்டுத்தான் வருவாங்க. மறுபடி வேற ஏதாவது விழும்." அவள் போனைப் பைக்குள் வைத்தாள். "நானே சொல்றேன்."

சொல்வதற்கு அவள் இடம் தேர்ந்தெடுத்த விதத்தைப் பஸ்காரர் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். அம்மாளை வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்காரச் சொல்லி, ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். தான் வெளியே, வெயில் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டாள். உதட்டைப் படிக்கிறவர்களுக்குப் பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள், இந்தப் பக்கம் அவள். கவசத்தைக் கழற்றினாள். அந்தச் சொல்லைத் தவிர்த்தாள். வேறு எதுவாகவும் கேட்க முடியாத ஒன்றைத் தேடினாள்.

"அவர் உயிரோட இல்லம்மா."

அம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காதம்மா மறுபடி ஒருமுறை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். உள்ளே அலாரம் கீச்சிட்டது. நாற்பது விநாடி. மறுபடி கீச்சிட்டது. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். ஆறு முறை.

பிறகு அம்மாள் ஜன்னலைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு போன்ல அழுதா," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "காய்ச்சல் இறங்கினதுக்கு யாராவது அழுவாங்களா? நானும் அப்பவே நெனச்சேன். நெனச்சுட்டு, கோட்டை எடுத்து வெளியில போட்டேன்."

அவர் எழுந்து வெளியே வந்து, ஈரம் காயாத கோட்டை நாற்காலியிலிருந்து எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். தொப்பியை எடுக்க மறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சத்தம் காது கேட்காதவர்கள் அழுகிற சத்தம். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அக்கரையில் காவலாளி முதல்முறையாகக் கூண்டைவிட்டு வெளியே வந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் வீடு திரும்பவில்லை. மினி பஸ்ஸை வேலியோரம் நிறுத்தி இன்னும் நான்கு நாள் அங்கேயே தங்கினார்கள். பஸ்காரர் இரட்டைக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஸ்டூலில் ஏறி அலாரத்துக்குப் புதுப் பேட்டரி போட்டார். காதம்மா ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து பழைய காதுக் கருவி ஒன்றை இரவல் கேட்டு வாங்கிவந்து, அம்மாளின் காதுக்கு ஒத்துவரும்படி திருத்தி, ஸ்பிரிட்டில் துடைத்துப் படியில் வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டதும் அம்மாள் முதலில் கேட்டது, "இங்க இவ்வளவு காத்தா அடிக்குது?" என்பதுதான். மாலை நான்கு மணிக்குப் புல்வெளியின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். வராதீங்க என்று போனில் சொன்ன பொம்பளை தான்தான் என்பதை மூன்றாம் நாள் காதம்மா சொன்னாள்.

"தெரியும்," என்றார் அம்மாள். "இவர் சொன்னார், தொண்டை கட்டின மாதிரி ஒரு பொண்ணு பேசுச்சு, பாவம்னு. உங்களுக்கு இன்னும் சரியாகல."

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் அனுப்பிவைத்தார்கள். கண்ணாடி, கடிகாரம், ஒரு சட்டை. கூடவே அடக்கம் செய்த இடத்தின் எண். பயணத்தடை தளர்ந்ததும் பஸ்காரர்தான் அம்மாளை மினி பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனார்.

பஸ்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. முதல் நாள் மாலை, மழைக்கு முந்தின நாள், தொப்பிக்காரர் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். "காதுதான் எனக்குப் போச்சு. கண்ணுக்கு என்ன கேடு?" காதம்மா அதற்கு வாதம் செய்வதில்லை. தாளில் தப்பு என்று குறிக்கவும் இல்லை.

ஏரிக்கரை வீட்டை அம்மாள் விற்றுவிட்டார். இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், முதல் மாடியில் குடியிருக்கிறார். செவ்வாய்க்கிழமைதோறும் கருவியைத் துடைத்துக்கொள்ள வருகிறார். வேலை ஐந்து நிமிஷம், பேச்சு ஒரு மணி நேரம். மேல்வீட்டில் ஒரு குழாய் ரிப்பேர்காரர் குடியிருக்கிறாராம். பொழுது விடிவதற்குள் சுத்தியலை எடுத்துவிடுகிறாராம். அந்த ஆளிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்ததாகப் போன வாரம் சொன்னார்.

"என்ன சொன்னார்?" என்று காதம்மா கேட்டாள்.

"மன்னிச்சுக்கங்கன்னான். நல்லா கேட்டுச்சு. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லுன்னேன்."